கேட்கும் அறை நாற்காலி

மார்ச் கடைசி வாரத்தில் ஸ்பீக்கர்கள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் லீட்ஸிலிருந்து ஒன்று. மறுநாள் பிரிஸ்டலிலிருந்து இரண்டு. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது சேர்ந்து, கிரெஸ்வெல் கம்பெனியின் சாமான் கொட்டகையில் சுவரைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றோடும் கடைக்காரரின் கடிதம் ஒன்று. ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தாலும் புகார் ஒன்றுதான். பாட்டுக்கு நடுவே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். சுவருக்குள் வண்டு இருக்கிறதோ என்று வீட்டுக்காரர் பலகையைப் பெயர்த்துப் பார்த்துவிட்டாராம் என்று ஒருத்தர் எழுதியிருந்தார்.

எனிட் செட்செல் குனிந்து அவற்றின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தாள். எல்லாவற்றிலும் பிப்ரவரித் தேதி. 'கேட்டுப் பார்த்தவர்' என்ற இடத்தில் எல்லாவற்றிலும் அவள் புருஷன் வில்ஃபின் கையெழுத்து. பிப்ரவரியில் மூன்று வாரம் அவள் நெஞ்சுச்சளியோடு படுக்கையில் கிடந்தாள். அந்த மூன்று வாரமேதான்.

ஸ்பீக்கர் என்றால் மரப்பெட்டிக்குள் காகிதப் புனல் ஒன்று உதறிக்கொண்டு நிற்பதைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். கிரெஸ்வெல் செய்தது அது இல்லை. பார்வைக்குக் கணப்பின் முன்னால் வைக்கிற தடுப்பு மாதிரி இருக்கும். இடுப்பு உயரம், நாலு விரல் கனம். உள்ளே புனலும் கிடையாது, காந்தமும் கிடையாது. வெங்காயச் சருகைவிட மெல்லிசான பிளாஸ்டிக் சவ்வு ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். சவ்வுக்கு முன்னால் ஓட்டை போட்ட தகடு ஒன்று, பின்னால் ஒன்று. சவ்வின்மேல் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஏறி, எங்கேயும் ஓடாமல், குட்டைத் தண்ணீர் மாதிரி அப்படியே நிற்கும். பாட்டு போய்ச் சேர்வது தகடுகளுக்கு. ஒரு தகடு சவ்வை இழுக்கும்போது மற்றது தள்ளும். கண் இமைப்பதற்குள் நூறு தடவை அந்த இழுப்பும் தள்ளலும் இடம் மாறும். சவ்வு அசைவது மயிரிழை அளவுதான், ஆனால் முழு அகலமும் ஒன்றாக அசையும். எடையே இல்லாத பொருள் என்பதால் தொடங்கு என்றால் தொடங்கும், நில் என்றால் நிற்கும். அதனால்தான் அதில் பாடுகிற குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்காது, ஆள் அறைக்குள் வந்து நிற்பது மாதிரி இருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரேபோலப் பாடும். பக்கவாட்டில் போய் நின்றால் ஊமையாகிவிடும்.

அந்தச் சவ்வை இழுத்துக் கட்டுவதுதான் எனிட்டின் வேலை. அதிகம் இழுத்தால் கீழ்ஸ்தாயி செத்துவிடும். தளரவிட்டால் சவ்வு போய்த் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். இழுத்து, சூடான காற்றைக் காட்டிச் சுருக்கம் எடுத்து, பிறகு பஞ்சில் பென்சில் கரித்தூளைத் தொட்டு வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். கரி கூடினால் மின்சாரம் நிற்காமல் ஓடும், குறைந்தால் ஏறவே ஏறாது. "கன்னத்துக்குப் பவுடர் போட்டு, அம்மா திட்டுனதும் துடைச்சுட்டு வருவோமே, அப்போ மிச்சம் என்ன இருக்குமோ அதுதான் அளவு" என்று புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் சொல்வாள்.

அவள் பயந்தது தூசிக்கும் ஈரத்துக்கும். சவ்வுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு நூல் பிசிறு விழுந்தால் போதும், தேங்கி நிற்கிற மின்சாரம் அதன் வழியாகச் சொட்டும். அந்தச் சொட்டுதான் டிக். ஊரோ கிழக்கு இங்கிலாந்தில் ஊஸ் ஆற்றங்கரைச் சதுப்பில் இருந்தது. சுற்றிலும் வாய்க்கால், பாதி வருஷம் மூடுபனி, சுவரைத் தொட்டால் கை நனையும். அதனால் சவ்வு அறையில் இரவும் பகலும் கரியடுப்பு எரியும். அங்கே வேலை செய்கிற ஆறு பெண்களும் முகத்துக்குப் பவுடர் போடக்கூடாது, கம்பளி உடுத்தக்கூடாது, தலைமுடியைத் துணியால் கட்டாமல் உள்ளே வரக்கூடாது.

செய்து முடித்த ஸ்பீக்கர்கள் ஜோடி ஜோடியாகக் கட்டடத்தின் பின்கோடியில் இருந்த கேட்கும் அறைக்குப் போகும். தரையில் கம்பளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, நடுவே கைவைத்த நாற்காலி ஒன்று. பதினோரு வருஷமாக அந்த நாற்காலி வில்ஃபுடையது. முதலில் பாட்டில்லாமல் மின்சாரத்தை மட்டும் ஏற்றிவிட்டு நிசப்தத்தைக் கேட்பான். பிறகு பியானோவும் வயலினும் உள்ள ஓர் இசைத்தட்டைப் போடுவான். கால்மணி நேரம் கழித்துச் சீட்டில் கையெழுத்து. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அவனை வைத்திருந்த முதலாளி கிரெஸ்வெல், வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அந்த அறையைக் காட்டி, "மீட்டர் பொய் சொல்லலாம், வில்ஃப் காது சொல்லாது" என்பார்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு அடுப்பில் கெட்டில் விசிலடித்துக்கொண்டே இருந்தது. எனிட் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள். வில்ஃப் அடுப்புக்கு ஒரு கஜ தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவள் கெட்டிலை இறக்கிவைத்தாள். அவன் நிமிர்ந்து, "டீயா? நல்லதாப் போச்சு" என்றான். போரில் அவன் பீரங்கிப் படையில் நாலு வருஷம் இருந்தவன். பேச்சு கேட்டது, கதவு சாத்தினால் கேட்டது. ஒல்லிச் சத்தங்கள் மட்டும் ஒன்றொன்றாகக் கழன்று போய்க்கொண்டிருந்தன. அவனுக்கே அது தெரியவில்லை. கேட்காததைக் கேட்கவில்லை என்று ஒருத்தனுக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து எனிட் தன் மேஜையிலேயே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் மின்சாரம் ஏற்றிக் காதை வைத்துக் கேட்டாள். ஆறு பேர் செய்ததையும் கேட்டாள். டிக் என்றதைப் பிரித்துச் சுத்தம் பண்ணினாள். மற்றவர்கள் கேலி செய்தார்கள். "எனிட் பாரு, முட்டைக்காரி மாதிரி ஒவ்வொண்ணையும் காதுல வெச்சுக் குலுக்கிப் பாக்கறா." அவள் சிரித்துவைத்தாள். படுக்கையில் கிடந்த மூன்று வாரமும் இருமிக்கொண்டே இதைத்தான் நினைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கிரெஸ்வெல் சவ்வு அறைக்கு வந்தார். கத்துகிற மனிதர் இல்லை. கையில் ஒரு வெள்ளைக் காகிதம், அதில் அரை அங்குல நீளத்துக்கு நீல நூல் பிசிறுகள் நாலைந்து.

"மூணு ஸ்பீக்கரைப் பிரிச்சுப் பாத்தேன். மூணுலயும் இதுதான். நீலக் கம்பளி."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனிட் படுத்திருந்தபோது அவள் மேஜையில் உட்கார்ந்தவள் ஷீலா ஃபியரி. அவளிடம் ஒரு நீலக் கம்பளிச் சட்டை இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

"அடுப்பு ரெண்டு நாள் எரியல, மிஸ்டர் கிரெஸ்வெல்" என்றாள் ஷீலா. "விரல் விரைச்சுப் போச்சு. மேலங்கிக்கு உள்ளதான் போட்டிருந்தேன்."

"விதி என்னன்னு தெரியுமில்லையா, மிஸஸ் ஃபியரி?"

"தெரியும்."

"ஒன்பது ஸ்பீக்கர். இன்னும் எத்தனை வரும்னு தெரியாது."

ஷீலாவின் புருஷன் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கிற ஆலையில், கிழங்கு வருகிற பருவத்துக்கு மட்டும் வேலை பார்ப்பவன். பருவம் ஜனவரியோடு முடிந்திருந்தது. அவள் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். "நான் பண்ணது தப்புதான். ஆனா எல்லாத்தையும் கேட்டுப் பாத்துட்டுத்தானே அனுப்பறீங்க? அங்க ஏன் பிடிபடல?"

"அப்போ நூல் ஓரத்துல ஒதுங்கி இருந்திருக்கும். லாரியில குலுங்கினதும் நடுவுக்கு வந்திருக்கும். வில்ஃப் காதுக்கு இது தப்பியிருக்காது."

எனிட் ஏற்கெனவே சுருக்கம் எடுத்த சவ்வுக்கு மறுபடி சூடான காற்றைக் காட்டினாள். ஷீலா தலைத்துணியை அவிழ்த்து நாலாக மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். போகும்போது எனிட்டிடம் "பஞ்சு தீரப்போகுது, சொல்லி வாங்கி வை" என்றாள்.

செட்செல் வீடு ஆற்றை ஒட்டிய வரிசையில் கடைசி. அன்று சாயங்காலம் மழை. எனிட் மாவுக்குள் பன்றியிறைச்சியும் வெங்காயமும் வைத்துச் சுருட்டித் துணியில் கட்டி அவித்திருந்தாள். கூட வேகவைத்த உருளைக்கிழங்கு. வில்ஃப் துணியைப் பிரித்து, ஆவி அடங்கும்வரை காத்திருந்து வெட்டினான். எதிலும் அவசரப்படாதவன். அவள் அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்து பேசுவது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது.

"ஷீலாவை அனுப்பிட்டாங்க."

"கேள்விப்பட்டேன். பாவம். கம்பளி போட்டிருக்கக் கூடாது."

"ஒன்பதும் உன் அறை வழியாத்தான் போச்சு, வில்ஃப்."

"லாரியில குலுங்குனா…"

"ஒன்பதுமா?"

"கடுகு விழுது எங்க?"

"உன் கைகிட்ட இருக்கு. ஒன்பதுமா குலுங்கிச்சு?"

அவன் கத்தியைத் தட்டில் வைத்தான். "என்ன சொல்ல வர்ற? நேரா சொல்லு."

"உனக்குக் கேக்கல. அதான்."

"ஒவ்வொண்ணையும் கால்மணி நேரம் கேட்டேன்."

"உக்காந்திருந்த. கேக்கல."

"கொஞ்சம் வெளிய போய் நின்னு சொல்லேன். தெருவுக்கெல்லாம் கேக்கட்டும்."

"தெருவுக்குக் கேக்கும். உனக்குத்தான் கேக்காது."

சொன்ன பிறகு அவளுக்கே சுட்டது. எழுந்து போய் அவன் தட்டில் இன்னொரு கிழங்கை வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"எப்போலேருந்து?" என்றான்.

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வருஷமா. கெட்டில் கத்திக்கிட்டே இருந்தது, நீ பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அந்த நாற்காலி போயிடும். அது போனா நீ என்ன ஆவேன்னு எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் கெட்டது எதுவும் உன் அறைக்கு வரல. நான் வர விடல."

"வர விடலன்னா?"

"என் மேஜையிலேயே கேட்டுப் பிரிச்சுடுவேன்."

வில்ஃப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காது கேட்கவில்லை என்றதற்குக் கோபப்பட்டவன் இதற்குக் கோபப்படவில்லை. "நம்ம பொம்பளைங்க வேலை வரவர நல்லா ஆகிட்டே வருதுன்னு நெனச்சேன்" என்றான். "கிரெஸ்வெல் கிட்டயே சொல்லியிருக்கேன். ரெண்டு வருஷமா ஒண்ணுகூடத் திருப்பி அனுப்பல, பாத்தீங்களான்னு." பிறகு, "அப்போ நான் அங்க என்னதான் பண்ணிக்கிட்டிருந்தேன், எனிட்?"

அவன் எழுந்து கரிக்கொட்டகைக்குப் போனான். நிரம்பியிருந்த கூடையை எடுத்துப் போய் மறுபடி நிரப்பிக்கொண்டிருக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் எல்லாரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எனிட் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கையில் வில்ஃப் வந்து நின்றான். காலையிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"திரும்பி வந்ததுல ஒண்ணை எடுத்துட்டு வா."

இருவரும் ஒன்றைத் தூக்கிக் கேட்கும் அறையில் நிறுத்தினார்கள். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, பின்பக்கத்துக்கும் மூச்சுவிட இடம் விட்டு, கை பழகின அளவில் வில்ஃபே நகர்த்தினான். எனிட் சுவிட்சைப் போட்டாள். மின்சாரம் ஏறி நிரம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வில்ஃப் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

டிக்.

"இப்போ?"

"இப்போ அடிச்சது."

அவன் சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டை நீட்டினான். "கேக்கும்போதெல்லாம் தட்டு."

அவள் கம்பளத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். டிக் என்றதும் ஒரு விரலால் தட்டினாள். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. ஈரமான நாள் என்பதால் அது அடங்கவே இல்லை. அவன் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டான். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

"இவ்வளவா" என்றான்.

எழுந்து போய் மண்டியிட்டு, தகட்டின் வலைத்துணியில் காது படுகிற மாதிரி சாய்ந்தான். எனிட்டுக்கு நாற்காலியருகிலேயே அது தெளிவாகக் கேட்டது. அவன் அசையாமல் இருந்தான்.

"இசைத்தட்டைப் போடு."

பியானோ ஆரம்பித்தது. வயலின் வந்து சேர்ந்தது. நடுநடுவே டிக் டிக் என்று அதுவும் சேர்ந்து வாசித்தது.

"பியானோ இருக்கு" என்றான் வில்ஃப். "வயலின், யாரோ ரெண்டு கதவுக்கு அந்தாண்ட வாசிக்கிற மாதிரி. ஊசி தேஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். இந்த வருஷம் மூணு ஊசி மாத்தினேன். தட்டு தேஞ்சுபோச்சுன்னு புதுசு கேட்டு வாங்கினேன். எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன், பாரு."

அவள் கையைப் பிடித்து எழுப்பிவிடப் பார்த்தாள். அவன் பிடி கொடுக்காமல் தானே எழுந்தான்.

திங்கட்கிழமை அவன் கிரெஸ்வெல்லின் அறைக்குள் போவதைச் சவ்வு அறைக் கண்ணாடி வழியாக எனிட் பார்த்தாள். கதவு சாத்தவில்லை. அவன் உட்காராமல் நின்றே பேசினான். இப்போதெல்லாம் அவனுக்கே தெரியாமல் அவன் குரல் உயர்ந்துவிடுவதால் பாதி பேருக்குக் கேட்டது.

"உன் வீட்டுக்காரிக்கு இது தெரியுமா, வில்ஃப்?"

"தெரியாது. அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

எனிட் பஞ்சை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். "தெரியும், மிஸ்டர் கிரெஸ்வெல். ரெண்டு வருஷமாத் தெரியும். வெள்ளிக்கிழமை நீங்க ஷீலாகிட்டப் பேசும்போதும் நான் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

கிரெஸ்வெல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பதினோரு வருஷமா இந்தக் காதைக் காட்டித்தான் நான் சரக்கு வித்தேன்" என்றார். "உங்க ரெண்டு பேரையும் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. மொதல்ல மிஸஸ் ஃபியரியைப் போய்ப் பாத்து, வேலைக்குத் திரும்பி வரச் சொல்லுங்க. கடிதம் போட்டா நல்லாயிருக்காது."

சாயங்காலம் எனிட் வாய்க்கால் கரையோடு நாலு மைல் சைக்கிள் மிதித்துப் போனாள். எதிர்க்காற்று. இரண்டு பக்கமும் கறுப்பு மண், மழைத்தண்ணீர் வரிவரியாக நின்றது. ஷீலா கதவைத் திறந்து, உள்ளே வா என்று சொல்லாமல் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டாள். எனிட் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"அப்போ அன்னிக்கு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் தலைத்துணி மடிக்கும்போது தெரியும்."

"தெரியும், ஷீலா."

"நூல் என்னுதுதான். அதை நான் இல்லன்னு சொல்லல." ஷீலா கதவுப்பிடியில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டினாள். "புதன்கிழமையிலேருந்து வர்றேன். வீட்டுல வேற வழியில்ல, அதனால வர்றேன். நீ சைக்கிள்ல வந்ததுக்காக இல்ல."

சொன்னபடி வந்தாள். ஆனால் அறையின் மறுகோடி மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். டீ நேரத்தில் எனிட் இருக்கிற பக்கம் திரும்புவதில்லை. எனிட்டால் அதைக் கடைசிவரை சரிபண்ண முடியவில்லை.

வில்ஃபை மரச்சட்டம் அடிக்கிற கொட்டகைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. கேட்கும் அறைக்கு ஆள் வேண்டுமே என்று கிரெஸ்வெல் இரண்டு பேரை உட்காரவைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. ஒரு நாள் எனிட்டைக் கூப்பிட்டார்.

"வேற யாரும் இல்லையா?" என்றாள்.

"ரெண்டு வருஷமா அந்த வேலையை நீங்கதானே பாத்திருக்கீங்க, மிஸஸ் செட்செல். என்கிட்டச் சொல்லாம பாத்தீங்க. இனிமே சொல்லிட்டுப் பாருங்க."

வில்ஃபிடம் சொல்வதைத் தள்ளிப்போட்டு, வீட்டுக்கு வந்ததும் அவள் கிழங்கு சீவ உட்கார்ந்தாள். கொட்டகையில் யாரோ அவனிடம் முன்னாடியே சொல்லிவிட்டிருந்தார்கள். "நாற்காலியோட இடது கை ஆடும், சாயாத" என்றான். அதோடு சரி. அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த அறையைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காலையில் ஒன்றாகச் சைக்கிளில் போவார்கள். கம்பெனி வாசலுக்குள் நுழைந்ததும் அவன் இடதுபுறம் திரும்புவான், அவள் நேரே போவாள். அவன் உட்கார்ந்து பள்ளமான மெத்தையில் உட்காரும்போதெல்லாம் திருடின கோட்டைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. மின்சாரத்தை ஏற்றுவாள், டிக் இருக்கிறதா என்று கேட்பாள், தட்டைப் போடுவாள், கையெழுத்துப் போடுவாள். சாயங்காலம் இருவரும் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. வில்ஃப் பின்கதவுப் படியில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கருப்பு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். எனிட் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருந்தது?" என்றான் தலை நிமிராமல்.

"எது?"

"இன்னிக்குக் கேட்டது."

அவள் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, அவன் எதிரே படிக்குக் கீழே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்தான்.

"எட்டு ஜோடி. ஒண்ணு மட்டும் கொஞ்சம் மந்தமா இருந்தது, கரி கம்மின்னு திருப்பிட்டேன். மத்ததெல்லாம் நல்லா இருந்தது. வயலின்காரர் வில்லை எடுக்கறதுக்கு முன்னாடி மூக்கால மூச்சு இழுக்கறாரு, அதுகூடக் கேக்குது."

"ஆமா. ரெண்டு தடவை இழுப்பாரு."

"ரெண்டு தடவை. அப்புறம் ரெண்டாவது பாகம் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு நாற்காலி கிறீச்சுங்குது."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

அவன் பிரஷ்ஷை நிறுத்தினான். "எப்பவும் வலதுலயா?"

எனிட் யோசித்தாள். "நான் உக்காந்த நாளிலேருந்து வலதுதான்."

"அது பியானோக்காரரோட நாற்காலி. அவர் இடதுல இருக்காரு. நடுவுல திரும்பி வயலின்காரரைப் பாப்பாரு போல, அப்போதான் கிறீச்சுங்கும். இடதுலதான் வரணும்." பூட்ஸைக் கீழே வைத்தான். "ஒயரை மாத்திச் சொருகியிருக்காங்க, எனிட். அந்த ரெண்டு பேர் வந்து உக்காந்தப்போ எவனாவது கழட்டி மாட்டியிருப்பான். மூணு வாரமா இடதை வலதுலயும் வலதை இடதுலயும் கேட்டுக்கிட்டிருக்க."

"நெஜமாவா?"

"காலையில பாரு."

காலையில் முதல் வேலையாக அவள் திரைக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். சிவப்புச் சுருள் போட்ட ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இரண்டையும் பிடுங்கி மாற்றிச் சொருகினாள். ஊசியை இரண்டாவது பாகத்தின் கடைசியில் வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கடைசி ஸ்வரம் தேய்ந்து ஓய்ந்தது. அப்புறம், அவளுக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலக் கிட்டத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் எழுந்து முற்றத்தைக் கடந்து மரக்கொட்டகைக்குப் போனாள். வில்ஃப் வாயில் நாலு ஆணியைக் கடித்துக்கொண்டு முதுகைக் காட்டி அடித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்காது. சுற்றிக்கொண்டு போய் அவன் கண்ணில் படுகிற இடத்தில் நின்று, இடது கையை உயர்த்தி ஆட்டிக் காட்டினாள்.

வில்ஃப் தலையை ஒரு தரம் அசைத்தான். பிறகு வாயிலிருந்து அடுத்த ஆணியை எடுத்தான்.